கடைசியாக வருபவருக்கு ஓய்வு எப்போது? தனுஷ்கோடிப் பயணத்தின் நான்காம் நாள்

19 ஆகஸ்டு 2023: வேளச்சேரி வாசகர் ஒருவரின் கேள்வி

"சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு ஐந்து நாள் சைக்கிள் பயணம் சென்று திரும்பிய குழுவினரிடம் கேட்கிறேன். நீண்ட பயணத்தில் மெதுவாக மிதிப்பவருக்காக மற்றவர்கள் ஊருக்கு ஊர் காத்திருப்பது தேவைதானா? வேகமாகச் செல்பவர்களுக்கு அது அலுப்பு. மெதுவாக வருபவருக்கு அது கூச்சம். அவரவர் வேகத்தில் சென்று, இரவு தங்குமிடத்தில் சந்தித்தால் போதும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதவும்."

19 ஆகஸ்டு 2023, இரவு

மறுக்கிறேன். காரணம் நான்காம் நாள்.

நாங்கள் பதினான்கு பேர். ஆகஸ்டு 11 அன்று விடியற்காலையில் திருவான்மியூரிலிருந்து புறப்பட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி, நாகப்பட்டினம், அதிராம்பட்டினம் ஆகிய ஊர்களில் ஒவ்வோர் இரவு தங்கினோம். பைகளை ஏற்றிய வேன் எங்களுக்கு முன்பாகச் சென்று அறைகளை ஏற்பாடு செய்யும். முதல் மூன்று நாட்களைப் பற்றி எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. வெயில் இருந்தது, சாலை நன்றாக இருந்தது, மாலை ஐந்து மணிக்குள் எல்லோரும் அறையில் இருந்தோம்.

நான்காம் நாள், ஆகஸ்டு 14, அதிராம்பட்டினத்திலிருந்து இராமநாதபுரம் வரை. காலை 5:15க்குக் கிளம்பினோம். மல்லிப்பட்டினம் தாண்டி, இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய மனோராவின் அருகே ஒரு பஞ்சருக்காக நின்றோம். கட்டுமாவடியில் இட்லி சாப்பிட்டு எழுந்தபோது காற்றும் எழுந்திருந்தது. அதன் பிறகு அந்தச் சாலையில் ஒரு நிமிடம்கூட அது ஓயவில்லை. தட்டையான சாலை, ஆனால் மலையேறுவதைப் போல மிதித்தோம். கட்டுமாவடியைக் கடந்த அரை மணி நேரத்தில் குழு மூன்றாக உடைந்தது: முன்னே ஐந்து பேர், நடுவில் எட்டுப் பேர், கடைசியில் ஒருவர்.

அந்த ஒருவரை இங்கே பெரம்பூர் அண்ணன் என்று குறிப்பிடுகிறேன். வயது 54. இரும்புச் சட்டம் கொண்ட கனமான சைக்கிள். எங்களில் இயந்திர வேலை நன்றாகத் தெரிந்தவர் அவர் ஒருவரே. மீமிசலுக்கும் தொண்டிக்கும் நடுவில் அவருடைய பின்சக்கரம் பஞ்சரானது. மாற்று ட்யூப் இல்லை; பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் காய்ந்து போயிருந்தது; எங்களைத் தொடர்பு கொள்ளவும் முடியவில்லை. உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்திற்கு மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, ஓர் ஊரின் சைக்கிள் கடையில் ஒட்டிக்கொண்டு, தொண்டிக்கு வந்து சேர்ந்தபோது மணி 3:40. நாங்கள் 1:15க்கே அங்கு வந்து அவருக்காகக் காத்திருந்தோம். அவர் இராமநாதபுரத்தை அடைந்தது இரவு 8:20க்கு. ஆடி அமாவாசைக்கு இரண்டே நாள் இருந்ததால் நிலவு கிடையாது. இராமேசுவரம் செல்லும் வண்டிகளின் நெரிசல் வேறு.

அவரவர் வேகத்தில் சென்று இரவில் சந்திப்போம் என்று நாங்கள் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆயினும் அன்று நடந்தது அதுதான். அதனால்தான் மறுக்கிறேன்.

20 ஆகஸ்டு 2023

"எதிர்க்காற்று எல்லோருக்கும் ஒன்றுதானே, பின்னால் வருபவருக்கு மட்டும் என்ன தனித் துன்பம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காற்று ஒன்றுதான், ஆனால் அதை எல்லோரும் ஒரே அளவில் வாங்குவதில்லை.

காற்றின் எதிர்ப்பு, நம் மீது மோதும் வேகத்தின் இருமடியைப் பொறுத்து வளர்கிறது. காற்றே இல்லாத சாலையில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சென்றால் மோதும் வேகமும் 20 தான். எதிரே மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், அதே வேகத்தில் செல்பவர் மீது 40 கி.மீ. வேகத்தில் காற்று மோதுகிறது. எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. முன்னே செல்பவரின் சக்கரத்தை ஒட்டி, ஒரு மீட்டருக்குள் தொடர்பவருக்கு அந்த எதிர்ப்பில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். ஐந்து பேர் முறை மாற்றிக்கொண்டு முன்னால் வந்தால், ஒவ்வொருவரும் ஐந்தில் நான்கு பங்கு நேரம் மற்றவரின் மறைவில் செல்லலாம். பத்து மீட்டர் பின்தங்கியவருக்கு அந்த மறைவு அநேகமாக முழுவதும் போய்விடுகிறது. அவர் திரும்பவும் வந்து ஒட்டிக்கொள்ள வேண்டுமானால், குழுவை விட வேகமாக, அதுவும் தனியாக, முழுக் காற்றையும் வாங்கிக்கொண்டு மிதிக்க வேண்டும். குழுவிலேயே பலம் குறைந்தவரிடம் நாம் கேட்பது அதைத்தான்.

அந்த விலகல் எப்படித் தொடங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். யாரோ ஒருவர் தண்ணீர் குடிக்கப் பாட்டிலை எடுக்கிறார், அல்லது ஒரு பள்ளத்திற்காக பிரேக்கைத் தொடுகிறார். அமைதியான காலையில் அந்த இடைவெளி நூறு மீட்டரில் மூடிவிடும். அன்று அது மூடவே இல்லை.

இதில் சென்னைவாசிகளான நம் பழக்கத்திற்கும் பங்கு உண்டு. நாம் விடியற்காலை ஐந்து மணிக்குத் திருவான்மியூரில் கூடி, முட்டுக்காடு பாலத்தைத் தாண்டி, மாமல்லபுரத்தில் காப்பி குடித்துவிட்டு, வெயிலுக்கும் காற்றுக்கும் முன்பாக வீடு திரும்பி விடுகிறோம். மாதக்கணக்கில் இப்படிப் பழகியவர்கள் எதிர்க்காற்றோடு அறிமுகமே இல்லாமல் ஆகஸ்டு மாதத்தில் தென்மேற்கு நோக்கிப் புறப்பட்டோம்.

21 ஆகஸ்டு 2023

இரண்டு திருத்தங்கள்.

பயணத்தின்போது என் குறிப்பேட்டில் அதைக் "கடற்காற்று" என்று எழுதியிருந்தேன். நண்பர்களிடமும் அப்படித்தான் சொன்னேன். தவறு. அந்தக் கரையில் கடல் எங்களுக்கு இடப்பக்கம் இருந்தது. காற்றோ நிலத்தின் பக்கமிருந்து, நேர் எதிரே வந்தது. அது தென்மேற்குப் பருவக்காற்று. மீமிசல் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்த மீனவர் ஒருவர் அதைக் "கச்சான்" என்றார். வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று பள்ளியில் மனப்பாடம் செய்த எனக்கு, அந்தப் பெயரைக் கேட்டபோதுதான் இந்தக் காற்று அங்குள்ளவர்களுக்கு ஒரு காலக்கணக்கு என்பதே புரிந்தது. புறப்படுவதற்கு முன் அவர்களில் யாரிடமாவது கேட்டிருந்தால் இந்த மாதத்தில் இந்தத் திசையில் போக வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள்.

இரண்டாவது, அன்றைய தொலைவு 120 கி.மீ. என்று திட்டத்தில் போட்டிருந்தோம். அது வரைபடத்தில் நேர்க்கோட்டில் அளந்த கணக்கு. சாலை வழியாக ஏறக்குறைய 140 வருகிறது. எளிய நாளில் இந்த இருபது ஒரு பொருட்டில்லை.

23 ஆகஸ்டு 2023

"காத்திருந்தோம் என்கிறீர்கள், அப்படியானால் குறை எங்கே?" என்று முதல் கேள்வியைக் கேட்டவரே மறுபடியும் எழுதியிருக்கிறார். நான்கு நாட்களாக இந்தக் கேள்வியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மீமிசலில் நாங்கள் 11:10 அளவில் நின்றோம். தண்ணீர் நிரப்பினோம், வாழைப்பழம் தின்றோம், ஒரு வேப்பமர நிழலில் கால் நீட்டிப் படுத்தோம். அண்ணன் வந்தபோது மணி பன்னிரண்டு. அவர் இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றியபோதே எங்களில் சிலர் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர் பாட்டிலை நிரப்பி முடிப்பதற்குள் முன்வரிசை சாலையில் இருந்தது. நான் அந்த முன்வரிசையில் இருந்தேன். எங்களுக்கு ஐம்பது நிமிடம் ஓய்வு. அவருக்கு ஐந்து நிமிடம்.

தொண்டியில் இது இன்னும் மோசமாக நடந்தது. இரண்டரை மணி நேரம் காத்திருந்த எரிச்சலில், கவலையும் கலந்திருந்த எரிச்சலில், சாலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தெரிந்தவுடன் யாரோ "வந்துவிட்டார், கிளம்பலாம்" என்றார்கள். அந்தச் சொற்களை அவர் கேட்டிருக்க வேண்டும், ஏனெனில் சைக்கிளைச் சுவரில் சாய்க்காமல், கையில் பிடித்தபடியே நின்று ஒரு தேநீர் குடித்தார். மதிய உணவு வாங்கி வைத்திருந்தோம். அதைப் பிரிக்காமல் கைப்பிடிப் பையில் வைத்துக்கொண்டார். 3:55க்குப் புறப்பட்டோம்.

எனக்குத் தெரிந்தவரை எல்லாக் குழுக்களிலும் இது நடக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. வேகமாக வருபவருக்கு ஒவ்வோர் ஊரிலும் நீண்ட ஓய்வு கிடைக்கிறது. நாள் முழுவதும் அதிக நேரம் மிதிப்பவருக்கு மிகக் குறைந்த ஓய்வு கிடைக்கிறது. காத்திருந்தோம் என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு நிறைவு இருக்கிறது. ஆனால் நாம் காத்திருந்த நேரம் முழுவதும் நம் கால்களுக்குத்தான் சேர்ந்தது.

எனவே முதல் நாள் இரவு நான் எழுதிய மறுப்பை மாற்றிக்கொள்கிறேன். அவரவர் வேகத்தில் செல்வது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நாங்கள் செய்ததைச் சரி என்று வைத்துக்கொண்டு அதை மறுத்தேன், அது சரியில்லை.

27 ஆகஸ்டு 2023

இன்று பெரம்பூருக்குச் சென்று அண்ணனைப் பார்த்தேன். இந்தக் கேள்வி பதில் தொடரை அவர் முழுவதும் படித்திருந்தார். ஒரு செய்தியை மட்டும் திருத்தச் சொன்னார்.

"தொடர்பு கொள்ள முடியவில்லை" என்று நான் எழுதியது உண்மையன்று. பஞ்சரான ஐந்தாவது நிமிடமே அவர் வேன் ஓட்டுநரை அழைத்திருக்கிறார். ஓட்டுநர் அப்போது இராமநாதபுரத்தில் அறைச் சாவிகளை வாங்கிக்கொண்டிருந்தார். உடனே திரும்பி வருகிறேன் என்றிருக்கிறார். அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஏன் என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னதை இயன்றவரை அப்படியே தருகிறேன்: "மூணு நாளா எல்லாரும் எனக்காக நின்னீங்க. நாலாவது நாளும் நான் ஒரு காரணமா இருக்க வேண்டாம்னு தோணிச்சு. வேன் வந்தா ஏத்திடுவீங்க. சென்னையிலேர்ந்து மிதிச்சு வந்தவன் அறுபது கிலோமீட்டரை வேன்ல கடக்கணுமா?"

வேளச்சேரி வாசகர் கூச்சம் என்று எழுதியிருந்தாரே, அந்த இடத்தில் அவர் சொன்னது சரி. நான் அதைக் கவனிக்காமல் தாண்டிவிட்டேன். பின்னால் வருபவர் தன் துன்பத்தை மறைப்பார். நன்றாக இருக்கிறேன் என்பார், தண்ணீர் இருக்கிறது என்பார். உதவி தேவையென்றால் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு முன்னால் போவது, மிகுந்த அக்கறையோடு சொன்னாலும், கேட்கும் சுமையை அவர் மீதே ஏற்றுகிறது. பதின்மூன்று பேர் பார்த்திருக்க, களைத்துப்போன ஒரு மனிதர் தானாக வாய்திறந்து கேட்பார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம்.

அவருக்கு வேறு என்ன செய்திருந்தால் உதவியாக இருந்திருக்கும் என்றும் கேட்டேன். "நீங்க யாரும் காத்திருக்கவே வேண்டாம்ப்பா. யாராவது ஒருத்தர் கூட வந்திருந்தா போதும்" என்றார்.

2 செப்டம்பர் 2023

இதை முதல் குறிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன்.

மனோரா அருகே ஒரு பஞ்சருக்காக நின்றோம் என்று எழுதினேன். பஞ்சரானது என் சைக்கிள். என்னிடமிருந்த ஒரே மாற்று ட்யூபை முந்தைய நாள் வேளாங்கண்ணிக்கு அப்பால் பயன்படுத்திவிட்டேன். அன்று இரவே பழைய ட்யூபை ஒட்டி வைத்திருக்க வேண்டும், சோர்வால் செய்யவில்லை. அண்ணன் தன் பையிலிருந்து புதிய ட்யூபை எடுத்துக் கொடுத்தார். சக்கரத்தை மாட்டித் தந்ததும் அவரே. ஆறு மணி நேரம் கழித்து அவருக்குத் தேவைப்பட்ட ட்யூப் என் பின்சக்கரத்தோடு தொண்டியில் நின்றிருந்தது.

"மாற்று ட்யூப் இல்லை" என்று 19ஆம் தேதி நான் எழுதியதைப் படிப்பவர் அவர் ஆயத்தமில்லாமல் வந்தவர் என்றுதான் எண்ணுவார். அவர் ஆயத்தமாக வந்தார். ஆயத்தமில்லாதவன் நான். பெரம்பூரில் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தபோதும் இதை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நேற்றுத் தொலைபேசியில் சொன்னேன். "தெரியும், அதுக்கு என்ன இப்ப" என்றார்.

2 செப்டம்பர் 2023, மாலை

ஊரில் சைக்கிள் கடை இருந்ததே, அங்கே புதிய ட்யூப் வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: கிராமத்துக் கடைகளில் கிடைப்பது பழைய 28 அங்குலச் சைக்கிளுக்கான ட்யூப். அதன் வால்வு தடிமன். நம் சைக்கிள்களின் ரிம்மில் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கான சிறிய துளை மட்டுமே இருக்கும். தடித்த வால்வு அதில் நுழையாது. கடையின் பம்பும் மெல்லிய வால்வுக்குப் பொருந்தாது. அந்தக் கடைப் பெரியவர் ட்யூபைத் தேய்த்து, ஒட்டி, தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்துக் கொடுத்தார். காற்றை அண்ணன் தன் கைப்பம்பால் அடித்துக்கொண்டார். ஒட்டியதற்குக் காசு வாங்க மறுத்து, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தாராம்.

சொல்யூஷன் குழாயை ஒருமுறை திறந்துவிட்டால் சில மாதங்களில் காய்ந்துவிடுகிறது. ஒவ்வொரு பெரிய பயணத்திற்கும் புதியது ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

3 செப்டம்பர் 2023

பஞ்சருக்குக் காரணம் என்ன என்று கேட்டவருக்கு: இரண்டுமே சீமைக் கருவேல முள். சாலையோரம் வெட்டிப்போட்ட கிளைகளிலிருந்து உதிர்ந்து, மண்ணின் நிறத்திலேயே கிடக்கும். ட்யூபை மாற்றுவதற்கு முன் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்க்க வேண்டும்; முறிந்த முனை உள்ளேயே இருந்தால் புதிய ட்யூபும் இரண்டு கிலோமீட்டரில் போய்விடும். விரலில் குத்தாமல் இருக்கத் துணியால் தடவுங்கள். முள் நூலில் சிக்கி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது.

9 செப்டம்பர் 2023

தொண்டிக்குப் பிறகு நடந்ததை நான் இன்னும் எழுதவில்லை. எனக்கு அது நேரடியாகத் தெரியாது என்பதே காரணம்; நான் முன்னால் சென்றுவிட்டேன்.

குழுவில் இளையவர் தாம்பரத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவி. எல்லோரும் தங்கை என்று அழைப்போம். பத்தொன்பது வயது. அவர் நினைத்திருந்தால் எங்கள் ஐவரையும் பின்னுக்குத் தள்ளியிருக்க முடியும். தொண்டியில் நாங்கள் புறப்பட்டபோது, செருப்பின் வாரைச் சரிசெய்வது போல நின்றுவிட்டார். யாரும் சொல்லவில்லை. அண்ணன் கிளம்பியதும் அவருக்கு முன்னால் போய், இராமநாதபுரம் வரை ஏறக்குறைய 45 கி.மீ. தொலைவும் காற்றைத் தான் வாங்கிக்கொண்டு வந்தார்.

நேற்று அவரிடம் கேட்டேன்: பின்னால் வருபவர் விலகிவிட்டாரா என்பது எப்படித் தெரியும், அடிக்கடி திரும்பிப் பார்த்தாயா? திரும்பிப் பார்க்கவே இல்லை என்றார். திரும்பினால், "நான் மெதுவாகப் போகிறேன் என்று பார்க்கிறாள்" என அண்ணன் நினைத்துக்கொள்வாராம். அண்ணனின் சைக்கிளில் பின்மட்கார்டு கொஞ்சம் தளர்ந்து கடகடவென்று ஓசை எழுப்பும். அந்த ஓசை காதில் விழும் வரை மிதிப்பது, மங்கினால் மிதியைத் தளர்த்துவது. அவ்வளவுதான் என்றார்.

தேவிபட்டினத்தில் அண்ணனுக்குத் தொடையில் தசைப்பிடிப்பு வந்திருக்கிறது. அங்கே இருவரும் அமர்ந்து, தொண்டியில் பிரிக்காமல் வைத்திருந்த உணவைப் பங்கிட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். அரை மணி நேரம். அன்று காலை இட்லிக்குப் பிறகு அவர் உட்கார்ந்து சாப்பிட்டது அந்த ஒரு முறைதான். இருட்டிய பிறகு தங்கை பின்னால் வந்துகொண்டார். அவருடைய பின்விளக்கு அண்ணனுடையதை விடப் பிரகாசமானது.

17 செப்டம்பர் 2023

வந்திருக்கும் எதிர்வாதங்களில் இரண்டு வலுவானவை.

முதலாவது, நீண்ட நேரம் நிற்கும்போது உடல் குளிர்ந்து கால்கள் இறுகிவிடும், மறுபடி தொடங்குவது வேதனை என்பது. உண்மைதான், தொண்டியில் எனக்கே அது நேர்ந்தது. ஆனால் இரண்டரை மணி நேரக் காத்திருப்பு எதனால் வந்தது என்று பாருங்கள். உதவக்கூடிய யாரும் அருகில் இல்லாததால் பத்து நிமிட வேலை மூன்று மணி நேரத் துன்பமாக நீண்டது. ஒருவர் கூடவே இருந்திருந்தால் எங்கள் கால்களும் இறுகியிருக்காது.

இரண்டாவது, ஆடாக்ஸ் எனப்படும் நெடுந்தொலைவு சைக்கிள் பயணங்களில் அவரவர் தம்மைத் தாமே பார்த்துக்கொள்கிறார்களே என்பது. அங்கே விதி வேறு. 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 600க்கு 40 மணி என்று கால எல்லை உண்டு; வழி நெடுகத் துணை வாகனம் தொடர அனுமதியும் இல்லை. தன் முழுப் பொறுப்பையும் தானே ஏற்கிறேன் என்று அறிந்தே ஒருவர் அதில் இறங்குகிறார். நான் அதைக் குறை கூறவில்லை. நான் பேசுவது, சேர்ந்து போவோம் வாருங்கள் என்று அழைத்துச் செல்லும் பயணத்தைப் பற்றி. அப்படி அழைத்துவிட்டு, காற்றெழுந்ததும் விதியை மாற்றக்கூடாது.

நேற்று பெசன்ட் நகரில் எட்டுப் பேர் கூடிப் பேசினோம். சில முடிவுகள் எளிதில் வந்தன. கடைசியில் வருபவருக்கும் பின்னால் ஒருவர் எப்போதும் வர வேண்டும். அவர் நன்றாக மிதிக்கக்கூடியவராக இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு நாளுக்கு ஒருவர் என்று மாற வேண்டும். பம்பும் இரண்டு ட்யூபும் அவரிடம் இருக்க வேண்டும். வேன் முன்னால் போகாமல் பின்னால் வர வேண்டும் என்பதிலும் யாருக்கும் மறுப்பில்லை.

வாதம் நடந்தது ஓய்வைப் பற்றித்தான். கடைசியாள் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும், அதிலிருந்து முழுதாக இருபது நிமிடம் என்றேன். அப்படியானால் முன்னால் வந்தவர் ஒரு மணி நேரம் வீணாக நிற்க வேண்டுமே என்றார்கள். அது வீணாகத் தோன்றினால் மெதுவாக வரட்டும் என்று தங்கை சொன்னார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

8 அக்டோபர் 2023

தசைப்பிடிப்புக்கு இளநீர் போதும் என்று ஒருவர் எழுதியிருப்பதற்காக இந்தக் குறிப்பு. அண்ணன் அன்று மூன்று இளநீரும் ஆறேழு லிட்டர் வெறும் தண்ணீரும் குடித்திருந்தார். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் நாம் பெரிதும் இழப்பது சோடியத்தை. உப்பில்லாமல் தண்ணீரை மட்டும் மிகுதியாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியத்தின் அளவு இறங்கித் தலைவலி, குமட்டல், தடுமாற்றம் வரை கொண்டுபோகும். உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். கலவையில் ஒரு லிட்டருக்குச் சாதாரண உப்பு 2.6 கிராம், குளுக்கோசு 13.5 கிராம் இருக்கும். எந்த ஊர் மருந்துக் கடையிலும் கிடைக்கும். உப்புப் போட்ட மோரும் நல்லது. தசைப்பிடிப்புக்குக் களைப்பும் ஒரு காரணம் என்பதால் உப்பு ஒன்றே தீர்வு என்றும் நான் சொல்ல மாட்டேன். அன்று அவருக்கு வேண்டியிருந்தது உப்பும் சோறும் உட்கார ஓர் இடமும்.

12 டிசம்பர் 2023

மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு ஒரு வாரமாக யாரும் சைக்கிளைத் தொடவில்லை. அண்ணனின் வீட்டுக் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்று, சைக்கிள் மூன்று நாள் மூழ்கிக் கிடந்தது. நேற்று நான்கு பேர் சென்று, வீட்டைக் கழுவிய பிறகு சைக்கிளைப் பிரித்தோம். அவர் முக்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல, சக்கர அச்சுகளையும் கிராங்கின் பேரிங்கையும் நாங்கள் மண்ணெண்ணெயில் கழுவிப் புதிய கிரீஸ் வைத்தோம். பின்மட்கார்டின் தளர்ந்த திருகை இறுக்கப் போனேன். அதை விட்டுவிடச் சொன்னார் தங்கை.

29 ஜனவரி 2024

குடியரசு நாள் விடுமுறையில் புதுச்சேரி சென்று திரும்பினோம். பன்னிரண்டு பேர். செப்டம்பரில் பேசிய முறையை முதன்முதலாகக் கடைப்பிடித்தோம். திரும்பும் நாளில் கடைசியாளாக வரும் முறை எனக்கு.

போகும்போது வடகிழக்குக் காற்று முதுகில் தள்ளியதால் எந்தச் சோதனையும் இல்லை. திரும்பும்போது, மரக்காணம் உப்பளங்களின் திறந்தவெளியில், அதே காற்று முகத்தில் அறைந்தது. ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத இடம் அது. குழு இரண்டாகப் பிரிந்தது. எனக்கு முன்னால், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். இதற்கு முன் அறுபது கிலோமீட்டருக்கு மேல் மிதிக்காதவர். அண்ணன் அன்று குழுவின் நடுவில் நன்றாகவே சென்றுகொண்டிருந்தார்.

பின்னால் வருவது இவ்வளவு கடினம் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கால்களுக்கு வேலையே இல்லை, பொறுமைக்குத்தான் வேலை. முதல் ஒரு மணி நேரம், என் வேகத்தைத் திருடிவிட்டார்கள் என்ற எண்ணம் எனக்குள் வந்துகொண்டே இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு அவர் மிதிப்பதைக் கவனிக்கத் தொடங்கினேன். கியரைக் குறைக்கத் தெரியாமல் கனமான பல்லிலேயே மிதித்துக்கொண்டிருந்தார். இருக்கை ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தது. கடப்பாக்கத்தில் நின்றபோது இருக்கையை உயர்த்திக் கொடுத்தேன். பின்பு அவருக்கு முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொண்டேன். எனக்குப் பின்னால் அண்ணன் வந்து சேர்ந்துகொண்டார், கேட்காமலேயே. மூவரும் ஒரே வரிசையில் கல்பாக்கம் வரை வந்தோம்.

அங்கே மற்ற ஒன்பது பேரும் அமர்ந்திருந்தார்கள். நாங்கள் சைக்கிளைச் சாய்த்து உட்கார்ந்ததும், ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து "இப்போதிலிருந்து இருபது" என்றார். ஒருவரும் எழவில்லை. அந்தப் பெண் காலணியைக் கழற்றிவிட்டுச் சப்பணமிட்டு உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டார். திட்டமிட்டதை விட ஒன்றரை மணி நேரம் தாமதமாகத் திருவான்மியூர் வந்தோம். பன்னிரண்டு பேரும் சேர்ந்து வந்தோம்.

30 ஜனவரி 2024

வேளச்சேரி வாசகர் தனிமடலில், "ஒன்றரை மணி நேரத் தாமதத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. இருவர், இனி இப்படி வர இயலாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. வேகமாகச் செல்வதிலுள்ள இன்பம் எனக்கும் தெரியும். அவர்களுக்குத் தனிக் குழு அமைப்பதே முறை, ஆனால் அந்தக் குழுவிலும் ஒருவர் கடைசியாக வருவார்.

25 பிப்ரவரி 2024

அடுத்த பயிற்சி மார்ச் 3, ஞாயிறு. வழக்கம்போல ஐந்து மணிக்குக் கிளம்பாமல், இந்த முறை ஒன்பது மணிக்குத் திருவான்மியூரில் கூடுகிறோம். வெயிலிலும் காற்றிலும் மாமல்லபுரம் வரை சென்று திரும்ப வேண்டும் என்பதற்காகவே இந்த நேரம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் தலைக்கு இரண்டு. கடைசியாள் அண்ணன், அவரே கேட்டு வாங்கிக்கொண்ட முறை. வேளச்சேரி வாசகரும் வருவதாக எழுதியிருக்கிறார். அவர் டயரின் அளவைத் தெரிவித்தால் அதற்குப் பொருந்தும் ட்யூப் ஒன்றை நான் கொண்டு வருகிறேன்.